அசைந்தவர் படத்தில் இல்லை

ராபியாம்மா அழவில்லை என்பதுதான் அந்தத் தெருவுக்கு அவர்மேல் இருந்த முதல் குறை. அவர் புருஷன் ஹுமாயூன், குமணன்சாவடி ஜங்ஷனில் கடிகார ரிப்பேர் கடை வைத்திருந்தவர், ஒரு கண்ணில் செருகிய லென்ஸோடு கடை மேசைமேல் சாய்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். வீட்டுக்குத் தூக்கி வந்தபோது தெருப் பெண்களெல்லாம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். ராபியாம்மா மட்டும் அவருக்காகப் போட்டு வைத்திருந்த டீயைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றார். அந்த டம்ளரை வாங்கி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. "கல்லு மாதிரி கீறா பாரு" என்று ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். அவளை அங்கேயே நிறுத்தி நாலு கேள்வி கேட்டிருப்பேன். சாவு வீடு என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நான் சாமுண்டீஸ்வரி, அம்பத்தூர். ராபியாம்மாவின் ஒரே மகள் நஜ்மாவும் நானும் சென்னையில் ஓவியக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தோம். என் அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர். அவள் அத்தா கடிகாரக்காரர். இரண்டு வீட்டிலும் படம் வரைந்து பிழைத்தவர் எவரும் கிடையாது என்பதால் முதல் நாளே ஒட்டிக்கொண்டோம். இது நடந்தது தொண்ணூற்றிரண்டில். அப்போது நாங்கள் நாலாம் வருஷம், இன்னும் ஒரு வருஷம் பாக்கி.

ராபியாம்மா பிறந்தது பாரிவாக்கத்தில். தாய் சீக்கிரம் போய்விட்டதால் தம்பி கலீல் ரகுமானை இடுப்பில் சுமந்து வளர்த்தது அவர்தான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதும் அந்தத் தம்பிக்காகத்தான். பதினேழு வயதில் கல்யாணமாகிப் பூந்தமல்லிக்கு வந்தார். அதற்குப் பிறகு அவர் உலகம் என்பது ஒரு கூடம், ஒரு அடுப்படி, ஒரு கிணறு, உறவுக்காரர் வீட்டு நிக்காஹ்கள். வாய் விட்டுச் சிரிக்கத் தெரிந்தவர். என்னைக் கண்டால், "வந்துட்டாளா அம்பத்தூர் ரவுடி" என்றுதான் தட்டு வைப்பார்.

அவருக்கென்று ஒரு வேலை இருந்தது. ஹுமாயூன் பழுது பார்த்த கைக்கடிகாரங்களைச் சாயங்காலம் ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வருவார். ரேடியோவில் நேரம் சொல்லும்போது ராபியாம்மா அத்தனையையும் வரிசையாக வைத்துச் சரிபார்ப்பார். ரேடியோக்காரர் நேரம் சொல்ல வாயைத் திறந்துவிட்டால் அந்த வீட்டில் யாரும் இருமக்கூடாது. ஒருமுறை நான் தும்மிவிட்டு வாங்கிய திட்டு இன்னும் நினைவிருக்கிறது. கூடத்துச் சுவரிலும் ரிப்பேருக்கு வந்த சுவர்க் கடிகாரங்கள் தொங்கும். அவற்றுக்குச் சாவி கொடுப்பதும் அவர்தான்.

ஹுமாயூன் போனதும் எல்லாம் நின்றது. இத்தா இருக்க வேண்டும். புருஷனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போகாமல், வெள்ளை உடுத்தி, நெருங்கிய சொந்தம் தவிர வேறு ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் வழக்கம் அது. அதைக் குறை சொல்ல நான் யார்? ராபியாம்மா அதை மனதார ஏற்றுக்கொண்டுதான் இருந்தார். எனக்கு ஆத்திரம் வேறு விஷயத்தில். அவர் இத்தா இருந்தார் என்றால், நஜ்மாவையும் சேர்த்து வீட்டுக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

அதற்குக் காரணம் இருந்தது. ரிப்பேருக்குக் கடிகாரம் கொடுத்தவர்கள் தினமும் வாசலுக்கு வந்து, "பாய் வாட்சு குடுத்தேனே" என்று கூப்பிட்டார்கள். அவர்களுக்கு ராபியாம்மா பதில் சொல்ல முடியாது. வாசலுக்கு ஆள் வேண்டும். கலீல் மாமு பூந்தமல்லியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அக்கா குடும்பத்துக்கு இனி தான்தான் பொறுப்பு என்று அவராகவே தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். நல்ல மனுஷன்தான், ஆனால் யார் என்ன பேசுவார்களோ என்ற பயம் மட்டும் அவருக்குச் சோறு தண்ணீர் போல. "நஜ்மா ஊட்ல கீட்டும். காலேஜ் அப்பால பாத்துக்கலாம்" என்றார். அந்த அப்பாலுக்குள் ஆவடியில் ஒரு ஃபேக்டரி வேலைக்கார மாப்பிள்ளை இருந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த வருஷம் எங்களுக்குப் புகைப்படம் ஒரு பாடம். ஆளுக்கு ஏழு படம் கொண்ட ஒரு தொடர் செய்ய வேண்டும். கலை வரலாற்றில் ஏதாவது ஒரு பழைய படத்தைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்து நம் தொடரைக் கிளப்ப வேண்டும். அது இல்லாமல் கடைசி வருஷத்துக்குப் போக முடியாது. பாடம் எடுத்தவர் பரந்தாமன் சார். நஜ்மாவின் நிலைமையைச் சொன்னேன். "வருகைப் பதிவை நான் சமாளிச்சுக்கறேன். படம் மட்டும் வந்து சேரணும்" என்றார். ஆனால் கல்லூரி கேமரா வெளியே போகாது. வகுப்புக்கே மூன்றுதான் இருந்தன, அதிலும் ஒன்று ஷட்டர் வேலை செய்யாத ஊமை.

பூந்தமல்லிக்கு பஸ் ஏறிப்போய் இதைச் சொன்னபோது நஜ்மா கூடத்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். ராபியாம்மா எதிர் மூலையில் பாயில். இரண்டு பேரும் மணிக்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருப்பது வழக்கமாகிவிட்டது. சுவரில் கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரத்தில் நின்றுபோயிருந்தன. எனக்கு அந்தக் கூடத்துக்குள் மூச்சு முட்டியது.

"பரந்தாமன் சாரு சொன்ன அந்தப் பாரிஸ் படம் ஞாபகம் கீதா?" என்றாள் நஜ்மா திடீரென்று.

கேமரா கண்டுபிடித்த புதிதில் பாரிஸில் ஒருவர் மாடி ஜன்னலிலிருந்து தெருவைப் படம் எடுத்தார். அந்தக் காலத்தில் ஒரு படம் விழப் பல நிமிஷம் ஆகும். தெரு நிறைய வண்டியும் குதிரையும் ஜனமும் போய்க்கொண்டிருந்தன. படத்திலோ தெரு காலி. அசைந்தது எதுவும் விழவில்லை. ஒரே ஒரு ஆள் மட்டும், பூட்ஸுக்கு பாலிஷ் போட்டுக்கொள்ளக் காலை நீட்டி நின்றவர், மூலையில் சின்னதாக விழுந்திருந்தார். படத்தில் விழுந்த முதல் மனிதர் என்று அவரைச் சொல்வார்கள்.

"அத மாதிரி இந்தக் கூடத்த எடுக்கப் போறேன்" என்றாள்.

கேமராவுக்கு எங்கே போவது என்று நான் கேட்கவில்லை. அவள் அதற்குள் எழுந்து பால்பவுடர் டப்பா ஒன்றை எடுத்து வந்திருந்தாள். உள்ளே கறுப்பு பெயிண்ட். பக்கவாட்டில் ஒரு ஓட்டை, அதன்மேல் பற்பசை டியூபிலிருந்து வெட்டிய தகடு. அந்தத் தகட்டில் அவள் அத்தாவின் மிக மெல்லிய ஊசியால் ஒரு துளை. அதை அவர் கண்ணில் செருகும் லென்ஸையே தன் கண்ணில் செருகிப் பார்த்து, பிசிறை உரசி எடுத்தாள். துளையை மூட ஒரு துண்டு கறுப்பு டேப். குளியலறையில் சிவப்பு பல்பு போட்டு, டப்பாவுக்குள் போட்டோ காகிதத்தை வளைத்து வைக்க வேண்டும். டேப்பை எடுத்தால் படம் விழ ஆரம்பிக்கும். கூடத்து வெளிச்சத்துக்குக் காலையில் திறந்தால் மத்தியானத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை ஆகும். காகிதமும் கழுவும் மருந்தும் நான் கல்லூரி இருட்டறையிலிருந்து பாட்டிலில் கொண்டுவருவேன். பஸ்ஸில் ஒருமுறை மூடி கழன்று என் தாவணி நாறியது தனிக் கதை.

ராபியாம்மா எல்லாவற்றையும் பாயில் இருந்தபடியே பார்த்தார். பிறகு கேட்டார். "இதுல நானும் உழுவேனா?"

"நீ அசையாம ஒக்காந்துகினு கீறல்ல, நீதான் நல்லா உழுவே" என்றாள் நஜ்மா.

"அப்ப வாணாம். இத்தாவுல கீறேன். அந்தப் படத்த காலேஜுல ஆம்பளைங்க பாப்பாங்க இல்ல?"

நஜ்மா டப்பாவைக் கீழே வைத்துவிட்டாள். அவள் முகம் செத்துப்போனதைப் பார்த்து நான்தான் வாயைத் திறந்தேன்.

"அம்மா, நீங்க நடமாடிகினே இருந்தா உழ மாட்டீங்க. பாரிஸ்ல குதிரையே உழலியாம்."

"நெசமாவா?"

"ஒரு துளி உழ மாட்டீங்க."

அவர் சற்று யோசித்தார். பிறகு கையை ஊன்றி எழுந்தார். புருஷன் போனதிலிருந்து தொழுகைக்கும் பாத்ரூமுக்கும் தவிர அவர் எழுந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அப்படித்தான் அந்தத் தொடர் ஆரம்பித்தது. டேப்பை எடுத்துவிட்டால் ராபியாம்மா ஒரு இடத்தில் நிற்கக்கூடாது. பெருக்குவார், பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்குவார். பெட்டியிலிருந்த துணியையெல்லாம் எடுத்து உதறி மடித்து உள்ளே வைத்து, வேலை தீர்ந்துபோனால் மறுபடி எடுத்து உதறுவார். கூடத்தின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடப்பார். "இன்னாடி, பாங்கு சொல்லலியா இன்னும்? முட்டி கயண்டு போச்சு" என்று கத்துவார். கூண்டுக்குள் போட்ட கோழியும் இவ்வளவு சுற்றாது. பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. ஒருத்தி தான் கண்ணில் படாமல் இருப்பதற்காக இப்படி ஓட வேண்டியிருக்கிறதே என்று.

படங்களில் அவர் விழவில்லை. சொன்னது போலவே ஒரு துளி விழவில்லை. காலிப் பாய், காலி ஜன்னல், தானாக மடிந்து உட்கார்ந்த துணிகள். அவர் முற்பகல் முழுக்கக் கூடுதலாகத் தொழுதபோது எடுத்ததில் தொழுகைப் பாய் மட்டும் இருந்தது, அதன்மேல் கொஞ்சம் புகை மாதிரி. சுவரை எடுத்த படம்தான் எனக்குப் பிடித்தது. அன்று ராபியாம்மா வேலை ஒன்றும் கிடைக்காமல் ஒரு கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டார். நின்றுபோன கடிகாரங்களின் முட்கள் எல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தன. ஓடிய கடிகாரத்துக்கு மட்டும் முள்ளே இல்லை. நஜ்மா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு படம் ஆனது. இதற்குள் வம்பு கிளம்பிவிட்டது. துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார்கள். புருஷனுக்கு அழாதவள் இப்போது வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறாள், பெட்டி படுக்கையெல்லாம் எடுத்து உதறுகிறாள். எங்கோ கிளம்பத் தயாராகிறாள் என்று ஒருத்தி சொன்னாள். புத்தி பேதலித்துவிட்டது என்றாள் இன்னொருத்தி. இன்னும் மோசமாகவும் பேசினார்கள், அதை எழுத எனக்குக் கை வரவில்லை. எல்லாம் ஜவுளிக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஏழாவது படத்துக்காக டேப்பை எடுத்த காலையில் நானும் அங்கே இருந்தேன். டப்பா அலமாரித் தட்டில் இருந்தது. ராபியாம்மா அப்போதுதான் துடைப்பத்தை எடுத்தார். வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம். கலீல் மாமு.

வந்தவர் சலாம் சொன்னார், தொப்பியைக் கழற்றினார், அதை வைக்க இடம் தேடி நேராக அந்த டப்பாவின் தலையில் கவிழ்த்து வைத்தார். நஜ்மா என் கையைப் பிடித்து நகத்தால் கிள்ளினாள். தொப்பியின் ஓரம் துளைக்கு ஒரு விரல்கடை மேலே நின்றது.

"அக்கா, ஒக்காரு" என்றார்.

ராபியாம்மா ஒரு தரம் டப்பாவைப் பார்த்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். ஹுமாயூன் வீட்டில் வேலை பார்க்கும்போது உட்காரும் தாழ்வான பலகையில் போய் உட்கார்ந்தார். மாமு எதிரில் இரும்பு நாற்காலியைப் போட்டுக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் அடுப்படி வாசலில் நின்றோம். நடுவில் போய் டப்பாவை மூட வழியில்லை.

"தெருவுல இன்னா பேசிகினு கீறாங்க தெரியுமா? என்னால கடைல ஒக்கார முடியல. மச்சான் போயி மண்ணு ஈரம் காயல, நீ ஊட்ட சுத்திச் சுத்தி ஓடிகினு கீறியாமே? எல்லாம் இந்தப் பொண்ணு படிப்பால வந்த வினை. போதும். ஆவடில ஒரு பையன் கீறான், நல்ல எடம். உன் இத்தா முடிஞ்சதும் நிக்காஹ் முடிச்சிடலாம். காலேஜுக்கு நானே போயி டி.சி. வாங்கியாரேன். கடையக் கூட ஒருத்தர் கேட்டுகினு கீறார், குடுத்துடலாம். நீ ஒண்ணுத்துக்கும் கவலப்படாத."

இவ்வளவுதான் விஷயம். ஆனால் இதை அவர் விதவிதமாக மத்தியானம்வரை சொன்னார். எழுந்து நடந்தார், ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார், கையை ஆட்டினார், நாற்காலியில் வந்து உட்கார்ந்தார், உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது நடிப்பில்லை, அக்காமேல் அவருக்கு உயிர். ஆனால் பேச்சுக்கு நடுவில் ஒரே ஒரு தடவைகூட, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்கவில்லை. நஜ்மா சத்தமில்லாமல் அழுதாள். எனக்கு வாய் துடித்தது. விருந்தாளிக்கு அந்த வீட்டில் என்ன பேச்சு?

ராபியாம்மா அசையவில்லை. கை மடியில், கண் தரையில். வெள்ளைச் சேலைத் தலைப்பு கூடக் காற்றில் ஆடவில்லை. பாங்கு கேட்டதும் மாமு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். நஜ்மா ஓடிப்போய் டேப்பை ஒட்டினாள்.

குளியலறையில் சிவப்பு பல்புக்குக் கீழே நாங்கள் இரண்டு பேரும் தட்டின்மேல் குனிந்து நின்றோம். மருந்துத் தண்ணீருக்குள் காகிதம் மெல்லக் கறுத்தது. முதலில் ஜன்னல் வந்தது. பிறகு நாற்காலி. பிறகு பலகையின் மேல் அவர் வந்தார்.

அது மற்ற ஆறையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும் படம் என்பது பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்தது, நஜ்மாவுக்கும் தெரிந்தது. இது இல்லாவிட்டால் தொடர் ஆறோடு நின்றுபோகும். கலீல் மாமு இன்னொரு நாள் டப்பாவைத் திறக்க விடமாட்டார். ஆனால் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு? நஜ்மா காகிதத்தின் இரு முனையையும் பிடித்தாள். கிழிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அம்மாவே சொல்லட்டும்" என்று வெளியே எடுத்துக்கொண்டு போனாள்.

ராபியாம்மா ஈரக் காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். டப்பாவிலிருந்து வருவது நெகட்டிவ். வெள்ளையெல்லாம் கறுப்பு, கறுப்பெல்லாம் வெள்ளை. அதைத் திருப்பி இன்னொரு காகிதத்தில் அச்சுப் போட்டால்தான் நேர்ப்படம். அவர் புருவத்தைச் சுருக்கினார்.

"யாருடி இவ? புர்கா போட்டுகினு நம்மூட்டுப் பலகைல ஒக்காந்துகினு கீறா?"

"நீதான்மா" என்றாள் நஜ்மா. "உன் வெள்ளச் சேல அது."

அவர் மறுபடி பார்த்தார். தலையிலிருந்து கால்வரை கறுத்த உருவம். முகம் இருந்த இடத்தில் வெளுத்த ஒரு வட்டம், கண் மூக்கு ஒன்றும் தெரியவில்லை. ராபியாம்மா சிரித்தார். புருஷன் போன பிறகு முதல் சிரிப்பு அது. சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே அழ ஆரம்பித்தார். தெரு எதிர்பார்த்த அழுகை முழுவதையும், பார்க்கத் தெரு இல்லாத நேரத்தில், அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அழுது தீர்த்தார். நஜ்மா அவர் மடியில் விழுந்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "அவன் பேசிகினு கீறப்போ எங்கடி எயுந்து போறது? அதான் உழுந்துட்டேன். போவட்டும். படத்துல நான் புர்காவோடதானே கீறேன். இப்படியே கொண்டு போயி மாட்டு. அச்சு மட்டும் போடாத."

இப்படியாக, எங்கள் கல்லூரி வரலாற்றில் முதல் தடவையாக ஒருத்தி ஏழு நெகட்டிவைத் தொடராகக் கொண்டுபோய் மாட்டினாள். கூட்டிக்கொண்டு வந்தவர் கலீல் மாமு. அவர் வந்தது டி.சி. வாங்க. அதே நாள்தான் படங்களைப் பார்க்க வெளியிலிருந்து தேர்வாளர் வரும் நாள் என்பதை நஜ்மா அவரிடம் பஸ்ஸில்தான் சொன்னாள். "மாட்டிட்டு வா, நான் ஆபீஸ்ல கீறேன்" என்றார்.

தேர்வாளர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "பிரிண்ட் எங்கம்மா? சமைக்காத அரிசியக் கொண்டுவந்து வச்சிருக்கியே?"

"அச்சுப் போட எனக்கு அனுமதி இல்ல சார்" என்றாள் நஜ்மா.

"யார் அனுமதி?"

"படத்துல இருக்கிறவங்க அனுமதி."

அவர் பரந்தாமன் சாரைப் பார்த்தார். சார் கூரையைப் பார்த்தார். தேர்வாளர் மறுபடி ஏழாவது படத்தின் முன்னால் போய் நின்றார். ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த மாணவரிடம் நகர்ந்தார்.

கலீல் மாமு நஜ்மாவைத் தேடிக்கொண்டு உள்ளே வந்தது அப்போதுதான். ஆபீஸில் ஆள் சாப்பிடப் போயிருந்தாராம். சுவரில் இருந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் கடைசிப் படத்தில் நின்றார். குனிந்தார்.

"இது நம்மூட்டு நாற்காலி" என்றார். பிறகு குரல் இறங்கியது. "அக்காவப் படம் புடிச்சியாடி?"

"மூஞ்சி தெரியுதா மாமு?"

உற்றுப் பார்த்தார். தெரியவில்லை. ஆனால் மடியில் கை வைத்திருக்கும் விதத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டுவிட்டார். தன்னைத் தூக்கி வளர்த்த கை அல்லவா. எந்த நாள் என்பதும் புரிந்துவிட்டது.

"அன்னிக்கு நானும் அங்கதானே இருந்தேன். இந்த நாற்காலிலதானே ஒக்காந்தேன். அவ்ளோ நேரம் பேசினேனே. நான் எங்க?"

"நீங்க அசஞ்சிகினே இருந்தீங்க மாமு. அசையறவங்க இதுல உழ மாட்டாங்க."

"தொப்பியக்கூடக் காணோம்."

"அது கேமரா மேல இருந்துச்சு."

வேறு சமயமாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அவர் முகத்தைப் பார்த்தபின் சிரிப்பு வரவில்லை. எதிரில் காலி நாற்காலி, அதன் முன்னால் தனியாக, மணிக்கணக்காகக் குனிந்து உட்கார்ந்திருக்கும் அக்கா. தான் அக்காவோடு பேசிக்கொண்டிருந்ததாக அதுவரை நினைத்திருந்தார் அவர். ரொம்ப நேரம் அங்கேயே நின்றார். பிறகு, "போலாம்" என்றார். ஆபீஸ் பக்கம் போகவில்லை.

நானும் பஸ் ஏறினேன். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டுத்தான் வர வேண்டுமா? பூந்தமல்லிவரை மாமு ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ராபியாம்மா எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மாமு இரும்பு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அக்கா" என்றார். "நீ இன்னா சொல்ற?"

ராபியாம்மா பலகையில் உட்கார்ந்தார். தலைப்பைச் சரிசெய்தார். நஜ்மா பக்கம் திரும்பிக் கேட்டார்.

"டப்பா தொறந்து கீதா?"

"இல்லம்மா. மூடித்தான் கீது."

"அப்ப சொல்றேன்" என்றார் ராபியாம்மா. "அவ படிப்ப முடிப்பா. ஆவடிக்காரங்களால ஒரு வருஷம் பொறுக்க முடியும்னா பொறுக்கட்டும், முடியாதுன்னா வேற எடம் பாத்துக்கட்டும். கடைய யாருக்கும் குடுக்காத. ஒரு ரிப்பேர்காரர வச்சிக்கலாம், நேரம் பாத்து வெக்கிறது என் வேல. என் இத்தா முடிஞ்சதும் நான் போயி ஒக்காரப் போறேன்."

கலீல் மாமு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கை பாதி தூரம் மேலே வந்தது. பிறகு அதைக் கொண்டுபோய்த் தொப்பியின் மேல் வைத்துக்கொண்டு, அக்கா சொல்லி முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.